பதினேழாம் நம்பர்

ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி ரோட்டை
நிமிர்ந்து ஓட்டியவன் எவனுமில்லை.
வளைவே இல்லாத இடத்தில்
வண்டியை இடதுபக்கம் சாய்த்துப் பிடிக்கணும்,
நெரிசல் பஸ்ஸில் அடுத்தவன் மேல் சாய்வதுபோல
காற்றின் மேல் தோளைக் கொடுத்து.
லாரியை முந்தும்போது
காற்று சட்டென்று இல்லாமல் போகும்.
சாய்ந்தவன் சாய்ந்தபடியே
அதன் டயரைப் பார்த்துப் போவான்.
ஒரு கணம்.
அந்த ஒரு கணத்துக்குத்தான்
வீட்டில் பெட்ரோல் காசு திருடினோம்.

தொண்ணூற்று மூன்று.
எனக்கு சாமுராய், பஹ்ரைனுக்குப் போன மாமா
"வாரம் ஒருக்க ஸ்டார்ட் பண்ணி வை" என்று
விட்டுப்போனது.
ஜெஸ்டினுக்கு ஆர்எக்ஸ் நூறு,
செட்டிகுளம் ஒர்க்‌ஷாப்பில் ராத்தங்கும்
எவனுடைய வண்டியோ.
சைலன்சருக்குள்ளிருந்த குழலை உருவி எடுத்து
விடிவதற்குள் திரும்ப மாட்டிவிடுவான்.
சொந்தக்காரனுக்கு ஒருநாளும் தெரியாது
தன் வண்டி இரவில் என்ன பாஷை பேசியதென்று.

வெள்ளமடத்தில் தொடக்கம்.
முப்பந்தலில் பீர்முகம்மது டார்ச்சோடு நிற்பான்,
வாட்ச் கிடையாது, யார் முன்னால் என்பதுதான் கணக்கு.
பந்தயம், இருபது ரசவடை.

விடியற்காலை நாலரை, தோவாளை.
மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.
பிச்சிப்பூ மணத்துக்குள் எங்கள் டூடி ஆயில் புகை.
அந்தக் கலவைக்கு இன்றும்
என் வலது மணிக்கட்டு தானாகத் திருகும்.

தாடகை மலை அருகே அவன் அரை வண்டி முன்னால்.
பிறகு திரும்பிப் பார்த்தான்.
என்னை அல்ல, என் பின்சக்கரத்தை.
கையை ஆட்டினான், கத்தினான்.
காற்று அவன் வார்த்தையைப் பிடுங்கி
திருநெல்வேலிப் பக்கம் எறிந்தது.
கேலி என்று நினைத்தேன்.
நெஞ்சை டேங்கில் ஒட்டி முறுக்கினேன்.
கண்ணாடியில் அவன் விளக்கு சிறுத்து,
சிறுத்து,
நின்றே போனது.

ஜெயித்தேன். பீர் என்னைத் தூக்கப் பார்த்து
இரண்டு பேரும் விழுந்தோம்.

பத்து நிமிடம் கழித்து வந்தான்,
மாட்டுவண்டி வேகத்தில்.
உள்ளங்கையைத் திறந்தான்.
என் பின் ஆக்சில் நட்டு. பதினேழாம் நம்பர்.
முந்தின நாள் பஞ்சர் ஒட்டியபோது
காட்டர் பின் போடாமல் விட்டிருந்தேன்.
நான் கடந்ததும் அவன் வெளிச்சத்தில் என்னமோ துள்ளியதாம்,
இறங்கி, ரோட்டோரப் புல்லைத் தடவித் தேடினானாம்.
"எலே, சக்கரம் ஆடுகு, கேட்டியா?"
அவ்வளவுதான் சொன்னான்.
மிச்ச தூரம் அந்தச் சக்கரம்
எதைப் பிடித்துக்கொண்டு வந்ததென்று
நான் குனிந்து பார்க்கவில்லை.
கால் நடுங்கியது. குளிர் என்றேன்.

ரசவடையில் பதினொன்று நான் தின்றேன்.

முப்பது வருஷமாக இதைச் சொல்கிறேன்,
கல்யாண வீட்டில், பாங்க் கேன்டீனில்,
டியூஷனுக்கு ஸ்கூட்டியில் கூட்டிப்போகும்போது
பின்னாலிருக்கும் மகளிடம்.
கதையிலிருந்து அந்த நட்டை மட்டும்
கழற்றி வைத்துவிட்டு.

போன வாரம் தம்மாமிலிருந்து ஜெஸ்டின் கூப்பிட்டான்.
டிரெய்லர் ஓட்டுகிறான், பதினெட்டுச் சக்கரம்.
அங்கேயும் காற்று நம்மூர் போலத்தானாம்,
கூடவே மணல்.
அவன் சுகர் மாத்திரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில்
குறுக்கே புகுந்து
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்,
அந்த நட்டு, அந்தப் பத்து நிமிடம்,
நான் தின்ற பதினொன்று.

மறுமுனையில் இன்ஜின் சத்தம் மட்டும்.

"ஏது நட்டு மக்கா?
எனக்கு ஓர்மை இல்ல.
நீ அந்த லாரிய முந்தினதுதான் ஓர்மை இருக்கு.
காத்து நின்ன பெறவும் நீ விழல்லியே,
அதெங்கன?"

யோசித்துப் பார்க்கிறேன்.
அன்று எந்த லாரியையும்
நான் முந்தியதாக ஞாபகமில்லை.